கையெழுத்திடுமுன்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க நூலகத்தில் அமர்ந்து இவ்விதழின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். நம் உறுப்பினர் ஒருவரின் துணைவியார் நனைந்த குடையை வாயிலிற் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். எப்பொழுதும் மகளைக் கோலாட்டப் பயிற்சிக்கு அழைத்துவரும் கலகலப்பான அம்மையார். அன்று அமரச் சொல்லியும் அமரவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அண்ணாச்சி, இதுல அவுக கையெழுத்துப் போடணுமாம். நாளைக்கு வாங்க வருவாக. என்ன எழுதியிருக்குன்னு ஒரு தரம் படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

அதற்கு மூன்று வாரங்கட்கு முன்னர்தான் அவருடைய கணவர், அடைமழையில் மின்சார ரயிலிலிருந்து இறங்குங்கால் வழுக்கி, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தது பெரிது. வலக்காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டியதாயிற்று. நேயர்களிற் பலர் மருத்துவமனைக்குச் சென்று பார்த்தவர்களே. ஆதலின் பெயர் கூறல் வேண்டா. அரசுடைமையான ஒரு நிறுவனத்தின் பண்டகசாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காப்பாளர். அக்குடும்பம் குடியிருக்கும் வீடும் நிறுவனம் தந்ததே.

தாளில் நான்கே வரிகள் ஆங்கிலத்தில் தட்டச்சிட்டிருந்தன. உடல்நிலை காரணமாகத் தம் சொந்த விருப்பத்தின்படி பணியினின்றும் விலகுவதாகவும், தமக்குச் சேரவேண்டிய தொகைகளை விரைவில் அளித்துதவ வேண்டுவதாகவும் அதன் சாரம். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“இன்னிக்குக் கையெழுத்து வேண்டாம், தாயி. நாளைக்கு யார் வந்து கேட்டாலும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றோம். நாம் வழக்கறிஞர் அல்லோம், மருத்துவரும் அல்லோம். அவ்வாறு கூறியதற்குக் காரணம் என்ன, அதன்பின் ஓராண்டில் நிகழ்ந்தது யாது என்பவற்றை, அவ்வன்பரின் இசைவு பெற்று இத்திங்கள் எழுதுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறிவிடவேண்டும். அத்தாளைக் கொண்டுவந்த அலுவலர் தீயவர் அல்லர். பழங்களோடு வந்தார், படுக்கையருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார், “இனி இந்த ரயிலிலே அலைய முடியுமா? பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வந்துவிடும். ஊருக்குப் போய் நிம்மதியாக இருக்கலாமே” என்று கண்கலங்கச் சொன்னாராம். திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியிற் பேசிய மூத்த தமையனாரும் அதையே சொன்னார். உறவினர் யாவரும் அதையே சொன்னார்கள். பகைவர் சொன்னால் எதிர்த்து நிற்கலாம். அன்புடையார் அனைவரும் ஒரே குரலில் “போதும், ஓய்ந்திரு” என்று கூறும்போது, படுக்கையிற் கிடப்பவன் என் செய்வான்? மயக்க மருந்தின் தளர்ச்சி ஒருபுறம், தன் உடலைத் தானே பார்க்கக் கூசும் கூச்சம் ஒருபுறம். பேனாவை நீட்டினால் வாங்கிக்கொள்வான்.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம்போன்ற குடும்பங்கட்கு இக்கையெழுத்து ஒரு வேலையை மட்டும் எடுத்துச் செல்வதன்று. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளைகளின் பள்ளி போகும். அம்மையாரின் மகள் அப்பொழுது பத்தாம் வகுப்பு. மகன் ஏழாம் வகுப்பு. இருவரும் தமிழ் பேசுவார்கள், ஆயின் இங்குள்ள பாடத்திட்டத்தில், இந்தியும் மராத்தியும் கலந்து பயின்றவர்கள். ‘ஊருக்குப் போய்விடலாம்’ என்பது எளிய சொல். அவ்வூரில் இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் இருந்த இடம் இன்று காத்திருக்கின்றதோ? தமையனார் வீட்டு மாடியறை இரண்டு திங்கள் தாங்கும். அதற்குமேல் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. அதன் 20-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவை இத்தகைய குடும்பம் ஒவ்வொன்றும் அறிந்திருத்தல் நன்று. பணியிலிருக்குங்கால் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் வேலையினின்றும் நீக்குதல் கூடாது. பதவியிற் குறைத்தலும் கூடாது. முன்பு பார்த்த வேலைக்கு அவர் உடல் இசையாதாயின், அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பயன்களோடும் வேறொரு பதவிக்கு மாற்றவேண்டும். அத்தகைய பதவியும் இல்லையாயின், தகுந்த இடம் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, அவருக்கென ஒரு மிகைப் பணியிடம் வகுத்து அதில் வைத்திருக்க வேண்டும். அரசு நிறுவனம் என்பதில் அரசுத் துறைகள் மட்டுமன்றி, அரசுக் கம்பெனிகளும், நகராட்சி போன்ற உள்ளாட்சி மன்றங்களும், அரசின் உதவி பெறும் அமைப்புகளும் அடங்கும்.

இது புதிதாக வந்த சலுகையும் அன்று. 1995-ஆம் ஆண்டின் முந்தைய சட்டத்தில் 47-ஆம் பிரிவாக இதே காப்பு இருந்தது. எல்லைப்புறப் படையொன்றின் காவலர் ஒருவர், கடமையின்போது இடக்காலில் அடிபட்டு, அது அழுகி, கால் எடுக்கப்பட்டார். நிரந்தரமாகத் தகுதியிழந்தவர் என்று கூறி அவரை அனுப்பிவிட்டனர். உயர்நீதிமன்றத்தில் அவர் வழக்கு நிற்கவில்லை. 2003 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு ஊன ஓய்வூதியம் தந்துவிட்டோமே என்று அரசு தரப்பில் சொன்ன வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓய்வூதியம் வேறு, பணியில் நீடிக்கும் உரிமை வேறு என்றது. அண்மையில் 2025 ஆகஸ்டில், நிறக்குருடு என்று கூறிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரை விலக்கிவிட்ட செய்கையையும் அந்நீதிமன்றம் தவறென்று கூறி, அவருக்கேற்ற வேறு பணி தருமாறு ஆணையிட்டது.

ஆயின் இச்சட்டம் நிறுவனத்தின் கையைத்தான் பிடிக்கின்றது. தானே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து செல்பவனின் கையைப் பிடிப்பதில்லை. அந்நான்கு வரித் தாளில் ‘சொந்த விருப்பத்தின்படி’ என்னும் தொடர் நம்மை உறுத்தியது அதனால்தான்.

தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் நேயர்கட்கு இவ்வளவு தெளிவான காப்பு இல்லை என்பதை மறைத்தல் முறையன்று. வேலைவாய்ப்பில் ஊனமுற்றோர்க்கு என்ன வசதி செய்து தரப்படும் என்று கூறும் ஒரு கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிடவேண்டும் என்று இச்சட்டம் சொல்கின்றது. இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடமாயின் அதில் இன்னின்ன விவரங்கள் இருத்தல் வேண்டும் என்று விதிகளும் உள. அக்கொள்கைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அது ஒரு கேடயமன்று; ஆயினும் பேச்சைத் தொடங்க ஒரு திண்ணை.

சட்டத்தைக் கூறியதும் அம்மையார் முகம் தெளியவில்லை. “சம்பளம் குடுப்பாக சரி. அவுக என்ன வேலை பாப்பாக, அண்ணாச்சி?” என்றார். இக்கேள்வி சட்டத்தைவிடப் பெரிது. இதற்கு விடை தேடுங்கால் நமக்கு நினைவில் வந்தவர் வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

அவர் தமிழரல்லர், 1925-இல் கொச்சியிற் பிறந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அங்கேயே பணிபுரிந்தவர். 1954 சனவரியில் இளம் மருத்துவர் சிலர் சென்ற வண்டி கவிழ்ந்தது. அவருக்கு முகத்திற் பலத்த காயம். முதுகுத் தண்டில் முறிவு. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் நின்றுபோயின. மகப்பேற்று மருத்துவத்தில் மேற்சென்று பெயர்பெற வேண்டும் என்று எண்ணியிருந்தவர் பல திங்கள் படுக்கையிற் கிடந்தார். நிற்க முடியாதவர் அறுவை மருத்துவராக இருப்பது எங்ஙனம்? அக்காலத்தில் நம் நாட்டில் தண்டுவட முறிவுக்கு ஆளானவர்க்குப் பயிற்சி அளித்து வாழ்க்கைக்கு மீட்கும் துறையே வேரூன்றவில்லை.

அவ்வமயம் அங்கே பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயாளரின் கைகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் விரல்கள் மடங்கிப் பறவையின் உகிர்போல் ஆகிவிடும். நல்ல நிலையிலுள்ள தசை நாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசைக்கு ஈடாக வேறிடத்தில் இணைத்து விரல்களை நிமிர்த்துவது அவ்வறுவை. அந்த வேலையை மேரி வர்கீஸ் செய்யலாம் என்னும் யோசனை பிறந்தது. ஏனெனில், நோயாளியின் கை ஒரு சிறு மேசைமேல் நீட்டப்பட்டிருக்கும். மருத்துவர் எதிரே உட்கார்ந்தே அறுவை செய்வார். கால் நன்றாயுள்ள மருத்துவருங்கூட அதை உட்கார்ந்துதான் செய்வார்!

நேயர்கள் இவ்விடத்திற் சற்று நிற்கவேண்டும் என்று விழைகின்றோம். ‘அறுவை மருத்துவம் செய்ய இவரால் முடியுமா?’ என்று கேட்டிருந்தால் முடியாது என்பதே விடை. எந்த அறுவைக்கு மருத்துவர் நிற்கவேண்டும், எதற்கு நிற்க வேண்டுவதில்லை என்று வேலையைப் பிரித்துப் பார்த்தமையால் விடை மாறிற்று. சக்கர நாற்காலியிற் சென்று அவர் நூற்றுக்கணக்கில் கைகளைத் திருத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. இதை எவரும் மேடைகளிற் சொல்வதில்லை. கை நிமிர்ந்த நோயாளர் சிலர் பிராண்டிடம் திரும்பி வந்து வருந்தினர். மடங்கிய விரலோடு இருந்தபோது பிச்சையேனும் கிடைத்தது. இப்பொழுது அதுவும் குறைந்தது. வேலையோ எவரும் தருவதில்லை, நோயின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்றனர். அதன் விளைவாகவே மருத்துவமனையை ஒட்டி ‘நவஜீவ நிலையம்’ என்று ஒரு சிற்றூர் போல் அமைத்துத் தச்சு முதலிய கைத்தொழில் கற்பித்தார்கள். அறுவை கையைத் தந்தது; வேலையைத் தருவதற்கு வேறொரு முயற்சி வேண்டியிருந்தது.

அளவுகோல் வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுவர். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை சேர்த்திருந்தார்கள். கட்டைவிரல் போயின் சம்பாதிக்கும் ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு; சுட்டுவிரல் முழுதும் போயின் 14; ஒரு கண் போய் மற்றது நன்றாயிருப்பின் 40. இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிட இத்தகைய கணக்கு வேண்டியதே, குறை கூறவில்லை. ஆயின் தவில் வித்துவானுக்கும் வங்கிக் காசாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கட்டைவிரல் ஒன்றாகுமோ? இந்நாளில் வழங்கும் ஊன அடையாள அட்டையிலும் ஒரு விழுக்காடு எழுதியிருக்கும். இட ஒதுக்கீடு முதலியவற்றுக்கு 40 விழுக்காடு எல்லையாக உள்ளது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எஞ்சியது இவ்வளவுதான் மனிதன் என்று கணக்கிடும் அலுவலரை நாம் கண்டிருக்கின்றோம். மனிதனே தன்னை அவ்வாறு கணக்கிட்டுக்கொள்வதையும் கண்டிருக்கின்றோம்.

மறு ஞாயிறு மருத்துவமனைக்கு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு சென்றோம். “ஒரு வாரத்தில் நீங்கள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்” என்றோம். அன்பருக்குச் சினம் வந்தது. “எழுதி என்ன ஆகப் போகுது? கால் முளைக்குமா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மையார்தாம் தொடங்கினார்: “காலையிலே போனதும் சாவி வாங்குவாக, அப்புறம் பேரேடு திறப்பாக…” “பேரேடு எங்கே இப்ப? எல்லாம் கம்ப்யூட்டர்” என்று அவர் திருத்தினார். அப்புறம் அவராகவே சொல்லலானார். வந்த சரக்கைச் சீட்டோடு ஒப்பிடுதல், பதிதல், வேண்டுகோட் சீட்டுக்குச் சரக்கு வழங்குதல், குறைந்த சரக்குக்கு எழுதிப் போடுதல், விற்பனையாளரோடு தொலைபேசியிற் பேசுதல், உயரத் தட்டுகளில் ஏறிப் பார்த்தல், முற்றம் கடந்து பின்பக்கக் கிடங்குக்குச் செல்லுதல், லாரியருகே நின்று இறக்குமதியை எண்ணுதல், ஆண்டிறுதியில் இருப்புக் கணக்கு எடுத்தல். எல்லாம் பதினொன்று ஆயின. கால் இன்றியமையாதவை எத்தனை என்று அவரையே குறியிடச் சொன்னோம். மூன்றில் குறியிட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தட்டு மேல ஏறுறது நான் எங்க? கடைநிலை ஊழியன்தானே ஏறுவான்” என்று சொல்லி ஒன்றை அடித்தார்.

நல்ல சிரிப்பு அது; பல நாட்களுக்குப் பின் வந்தது என்று அம்மையார் பின்னர்ச் சொன்னார்.

அந்தப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி, 20-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவைக் குறித்து, நீண்ட விடுப்பும் அதன்பின் தம் பணியிலோ அதற்கொத்த பணியிலோ அமர்த்தலும் வேண்டி ஒரு விண்ணப்பம் அனுப்பச் செய்தோம். அனுப்பியதற்குச் சான்றுச் சீட்டும் நகலும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். தாள் வாங்க வந்த அலுவலர் சற்று வருத்தத்தோடு திரும்பினார். ஆயினும் விண்ணப்பத்தைத் தடுக்கவில்லை.

கால் இழந்தாரைப் பற்றியே பேசிவிட்டோம். பார்வை இழந்த வங்கி ஊழியர் இன்று திரையில் உள்ளதைப் படித்துக் கூறும் மென்பொருளின் துணையால் தம் இருக்கையிலேயே நீடிக்கின்றார், அத்தகையவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006-இல் தொடங்கி, விலையின்றி உலகுக்கு அளித்தது. தமிழையும் அது படிக்கும். பக்கவாதம் கண்டவர்க்குக் கை திரும்பிய பின்னரும் விரைவில் வந்தடையும் களைப்பே பெரும் பகை; முதல் சில திங்கள் அரைநாள் வேலை என்று கேட்பதில் நாணம் வேண்டா. ஒவ்வொன்றும் தனித்தனியே விரிக்கத்தக்கது, இத்திங்கள் இடமில்லை.

அன்பரின் கதைக்கு மீள்வோம். கால் பொருத்துவது செருப்பு வாங்குவது போன்றதன்று. தண்டு ஆறவேண்டும், வீக்கம் வடியவேண்டும், கட்டுக் கட்டி அதை வடிவுக்குக் கொணரவேண்டும். இல்லாத பாதத்தின் விரல்களில் நள்ளிரவில் வலிக்கின்றது என்று அவர் சொன்னபோது, அம்மையார் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சினார். கால் எடுத்தவர்க்குப் பெரும்பாலும் அவ்வாறு தோன்றும், மூளை பழைய காலை இன்னும் மறக்கவில்லை என்று மருத்துவர் விளக்கிய பின்னரே தேறினார். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

நம் நகரில் ஹாஜி அலியில் 1955-இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் உள்ளது. பலர் அதன் வாயிலைக் கடந்து தர்காவைப் பார்க்கச் செல்வார்கள், அது என்ன கட்டடம் என்று அறியார். செயற்கைக் கால் என்றதும் யாவரும் ‘ஜெய்ப்பூர்க் கால்’ என்பர். 1968-இல் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாத கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய ரப்பர்ப் பாதம் அது. மேனாட்டுப் பாதத்துக்குக் காலணி வேண்டும். நம் மக்களோ வெறுங்காலில் நடப்பவர், சம்மணமிட்டு அமர்பவர், குந்துபவர், சேற்றில் இறங்குபவர். அவற்றுக்கெல்லாம் இப்பாதம் இசைந்தது. 1975 முதல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதைக் கட்டணமின்றி வழங்கிவருகின்றது. நம் மும்பைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாகிய நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1981-இல் விபத்தில் வலக்காலை இழந்து, அப்பாதத்தோடு 1984-இல் மீண்டும் மேடையேறியதை அறியாதார் இலர். உறவினர் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நம் அன்பரை வெறுப்பேற்றினார்கள். “அந்த அம்மா ஆடினாங்க, எனக்குக் கக்கூஸ் போகத் தெரியணும்” என்றார் ஒருநாள். அவர் சொன்னது முற்றும் சரி. முழங்கால் இருந்தால் அப்பாதத்தோடு குந்தலாம்; முழங்காலும் போனவர்க்கு அது பெரும்பாடு. நடப்பதற்கும் அவர்க்கு மிகக் கூடுதலான மூச்சு வேண்டும். மும்பை வெப்பத்தில் பொருத்துகுழியினுள் வியர்வை ஊறித் தோல் உராயும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

விபத்து நிகழ்ந்து எட்டாம் திங்களில், பங்குனியில், அவர் வேலைக்குத் திரும்பினார். மருத்துவச் சான்று, நிறுவனத்தின் மருத்துவக் குழு, இரண்டு கடிதங்கள், ஒரு நினைவூட்டு — அவற்றை விரித்தால் நேயர்கட்கு அயர்வே மிகும். ஊனமுற்றோர்க்கென ஒதுக்கிய ரயிற் பெட்டியில் ஏறிச் செல்கின்றார். அதில் இரு காலும் நன்றாயுள்ள பலர் முன்னரே அமர்ந்திருப்பது வழக்கம். நம் உறுப்பினருள் அப்படி ஏறுவோர் யாரேனும் இருப்பின், அடுத்த கூட்டத்தில் நம் கண்ணில் படவேண்டா.

அலுவலகத்தில் மாலை போட்டு வரவேற்றனர், இனிப்பு வழங்கினர். அதன்பின் அஞ்சற் பகுதியில் ஒரு மூலையில், மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல நாற்காலி ஒன்று தந்தனர். வேலை மட்டும் தரவில்லை. “நீங்கள் சும்மா இருங்கள், கஷ்டப்பட வேண்டாம்” என்றனர். மாதச் சம்பளம் வந்தது. மூன்று வாரம் அவர் செய்தித்தாள் படித்தார். வீட்டில் எவரோடும் பேசுவதில்லை என்று அம்மையார் சொன்னார். மிகைப் பணியிடம் என்று சட்டம் வகுத்தது வறுமைக்குக் காப்பு. நல்லெண்ணமுடையோர் கையில் அதுவே ஒரு காட்சிச்சாலைக் கூண்டாகிவிடுவதும் உண்டு. இருபத்திரண்டு ஆண்டு சாவி வைத்திருந்தவன், முன்னே செல்வோரின் முகத்திலெல்லாம் இரக்கத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் வீற்றிருப்பது எளிதன்று.

நான்காம் வாரம் அவர் அப்பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு, தாமே பண்டகசாலைத் தலைவரிடம் சென்றார். எட்டு வேலைகளைக் காட்டினார். தலைவர் இளைஞர், கேரளத்தவர், நெடுநேரம் படித்துப் பார்த்தாராம். “இதில் நான்கு இப்பொழுது யாரும் சரியாகச் செய்வதில்லை” என்றாராம். மறுநாள் முதல் கொள்முதல் எழுத்தும் பதிவும் இவரிடம் வந்தன. லாரியருகே நிற்கும் வேலையை இன்னொருவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய எழுத்து வேலைகளை இவர் செய்கின்றார். ஆனித் திங்களில் இருப்புக் கணக்கில் ஒரு பெரும் பிழையைக் கண்டுபிடித்துச் சச்சரவிட்டதாகக் கேள்வி. அம்மையார் அதைக் குறையாகச் சொன்னார். “பழையபடி ஆபீஸ்ல சண்டை போட ஆரம்பிச்சுட்டாக, அண்ணாச்சி” என்றார். முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை.

பதவி உயர்வுத் தேர்வு தை மாதம் வருகின்றது. ஊனம் காரணமாக உயர்வு மறுத்தல் ஆகாது என்று அதே 20-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கூறுவதை அவரிடம் குறித்துக் கொடுத்திருக்கின்றோம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பண்டகசாலைக் கட்டடத்தில் உள்ள கழிப்பறைகள் யாவும் குந்தும் வகை. மேனாட்டு வகை ஒன்று பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மேலலுவலர்கட்கென உள்ளது, பூட்டியிருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் பெரும்பாலும் இருக்கையில் இரார். ஆதலின் நம் அன்பர் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டால் மாலை வரை தண்ணீர் அருந்துவதில்லை. கோடையில் இருமுறை மயங்கிவிட்டார். தரைத்தளத்தில் உயர்ந்த இருக்கை ஒன்றும் சுவரிற் பிடிகம்பி ஒன்றும் வேண்டி, அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குச் சென்ற திங்கள் 4-ஆம் நாள் எழுதியிருக்கின்றார். அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் அத்தகைய அலுவலர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்பது சட்டம். அங்கும் நடவாதாயின் ஊனமுற்றோர்க்கான தலைமை ஆணையருக்கு எழுதுவதாக உள்ளார்; அவ்விண்ணப்பத்தையும் எழுதி ஆயத்தமாக வைத்திருக்கின்றோம். இவ்விதழ் அச்சேறும் நாள்வரை விடை வரவில்லை. வந்தால் அடுத்த திங்கள் இத்திண்ணையில் எழுதுவோம்.